ஸ்பெகுலம் வந்த வழி

செவிலியர் படிப்பின் மகளிர் நோயியல் பாடத்தில் சிம்ஸ் என்ற பெயர் மாணவிகளுக்கு மூன்று இடங்களில் எதிர்ப்படும். சிம்ஸ் ஸ்பெகுலம், சிம்ஸ் பொசிஷன், சிம்ஸ்-ஹூனர் சோதனை. மூன்றையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வரும். சிம்ஸ் யார் என்று யாரும் கேட்பதில்லை, பாடப்புத்தகமும் சொல்வதில்லை.

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு மாணவிகளைக் களப்பயிற்சிக்குக் கூட்டிப்போகத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பெயரின் பின்னால் போக வேண்டிய தேவை எனக்கு வந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வாருங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வருவோம். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்கள்தான் இருப்பார்கள். வராததற்குக் காரணம் என்ற கட்டத்தில் மாணவிகள் வரிசையாக ஒரே சொல்லை எழுதியிருப்பார்கள்: வெட்கம்.

அந்தச் சொல் எனக்குப் போதவில்லை. நாற்று நடும்போதும் நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கும்போதும் இந்தப் பெண்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். வெள்ளைப்படுவது, அடி இறங்கியிருப்பது, மாதம் இருமுறை தூரமாவது, புருஷன் குடித்துவிட்டு வந்து படுத்துகிற பாடு எல்லாவற்றையும் சத்தமாக, சிரித்துக்கொண்டே பேசுவார்கள். பக்கத்தில் நிற்கும் பத்தொன்பது வயது மாணவிகளுக்குத்தான் முகம் சிவக்கும். பேச்சில் இல்லாத வெட்கம் பரிசோதனை மேசையில் மட்டும் எங்கிருந்து வருகிறது? அந்த மேசையில் இருக்கிற ஒரு கருவியின் கதையைத் தெரிந்துகொண்டால் பதிலில் பாதியாவது கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

ஜேம்ஸ் மேரியன் சிம்ஸ் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரில் மருத்துவராக இருந்தவர். 1845 முதல் 1849 வரை தன் வீட்டு வளாகத்தில் ஒரு சின்ன மருத்துவமனை கட்டி, அடிமைப் பெண்களை வைத்து அறுவைச் சிகிச்சைகளைச் செய்து பார்த்தார். நாள்கணக்கில் இழுத்த பிரசவத்தால் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழுந்து, எந்நேரமும் சிறுநீர் ஒழுகிக்கொண்டிருந்த பெண்கள் அவர்கள். அனார்க்கா, பெட்சி, லூசி என்று மூன்று பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அனார்க்காவுக்கு மட்டும் ஏறத்தாழ 30 அறுவைகள். மயக்க மருந்து இல்லை. 1846இல் ஈதர் மயக்கம் உலகுக்குத் தெரிய வந்துவிட்டது. அதற்குப் பிறகும் இல்லை. உள்ளே பார்ப்பதற்காக அவர் ஒரு கரண்டியை வளைத்தார். அதிலிருந்து வந்ததுதான் சிம்ஸ் ஸ்பெகுலம். அந்தப் பெண்கள் ஒப்புக்கொண்டார்கள் என்று பின்னாளில் அவர் எழுதினார். இன்னொருவருக்குச் சொந்தமான உடம்பாக இருந்தவள் ஒப்புக்கொள்வது என்றால் என்ன என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்த அறுவைச் சிகிச்சை பிறகு உலகெங்கும் ஏராளமான பெண்களின் ஒழுகலை நிறுத்தியது. அதையும் சொல்லத்தான் வேண்டும். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த சிம்ஸின் சிலையை 2018 ஏப்ரலில் அகற்றினார்கள். 2021இல் மான்ட்கோமரியில் அந்த மூன்று பெண்களுக்கும் சிலை எழுந்தது. எங்கள் பாடப்புத்தகத்தில் மட்டும் சிம்ஸ் அப்படியே இருக்கிறார்.

கருவி சிம்ஸோடு பிறந்ததும் இல்லை. ரோமானியர் காலத்திலேயே திருகு வைத்த வெண்கல ஸ்பெகுலம் இருந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் ரெக்காமியே என்ற மருத்துவர் அதை மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே அது வெகு சீக்கிரம் போலீஸின் வேலைக்குப் போய்ச் சேர்ந்தது. பாலியல் தொழில் செய்பவர்கள் என்று பதிவு செய்யப்பட்ட பெண்களைக் குறிப்பிட்ட நாட்களில் வரவழைத்து மேகநோய் இருக்கிறதா என்று சோதித்தார்கள். இங்கிலாந்து 1864இல் தொற்றுநோய்ச் சட்டம் என்ற பெயரில் இதைத் தன் ராணுவ, கடற்படை ஊர்களில் அமல்படுத்தியது. அந்த முறை கப்பலேறி நம் ஊருக்கும் வந்தது.

இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம் 1868ஆம் ஆண்டின் 14ஆவது சட்டம். இதன்படி பாலியல் தொழிலாளி என்று அதிகாரிகள் கருதிய பெண் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். குறித்த நாளில் பரிசோதனைக்கு வர வேண்டும். நோய் இருந்தால் ‘லாக் மருத்துவமனை’யில் அடைபட்டுக் கிடக்க வேண்டும். வராவிட்டால் தண்டனை. லாக் மருத்துவமனைகள் இந்தச் சட்டத்துக்கும் முந்தியவை. சென்னை மாகாணத்தில் 1805 முதலே, இடையில் மூடித் திறந்து, அவை நடந்திருக்கின்றன. பரங்கிமலை ராணுவக் குடியிருப்பிலும் ஒன்று இருந்தது. பரங்கிமலை அப்போது செங்கல்பட்டு மாவட்டம். உத்திரமேரூரும் அதே மாவட்டம்தான். அதாவது எங்கள் மாவட்டத்தில் அரசாங்கம் ஒரு பெண்ணின் கர்ப்பப்பை வாயை முதலில் எட்டிப்பார்த்தது அவளுக்காக அல்ல. வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு வியாதி வந்துவிடக் கூடாது என்பதற்காக. அந்தச் சிப்பாயைச் சோதிக்கும் வழக்கம் அவன் மானத்துக்கு இழுக்கு என்று கைவிடப்பட்டிருந்தது.

1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சத்தின்போது இந்த மருத்துவமனைகளில் நடந்ததை வரலாற்றாசிரியர் சாரா ஹாட்ஜஸ் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பெண்கள் தாங்களாகவே வந்து சேர ஆரம்பித்தார்கள். சோறு கிடைக்கும் என்று. அடைத்து வைக்கக் கட்டிய இடம் பஞ்சம் பிழைக்கும் இடமானது. அதிகாரிகளுக்கு எரிச்சல். எனக்கு இந்தத் தகவலைப் படித்தபோது வந்த உணர்ச்சியை இன்னதென்று சொல்லத் தெரியவில்லை. ஒரு வேளைக் கஞ்சிக்கு, அந்த இரும்புக்குத் தன் உடம்பைக் காட்டிய பெண் யாருக்கோ பாட்டியாக இருந்திருப்பாள்.

இங்கிலாந்தில் ஜோசஃபின் பட்லரும் அவரோடு சேர்ந்த பெண்களும் ஏறக்குறைய 16 ஆண்டுகள் இந்தச் சட்டங்களை எதிர்த்துப் போராடினார்கள். இந்தப் பரிசோதனையே ஒரு வன்புணர்வு என்று வெளிப்படையாகப் பேசினார்கள். 1886இல் இங்கிலாந்திலும், 1888இல் இந்தியாவிலும் சட்டம் ரத்தானது. காகிதத்தில் ரத்தான பிறகும் ராணுவக் குடியிருப்புகளில் வேறு விதிகளின் பெயரில் பரிசோதனை தொடர்ந்தது வேறு கதை.

இதே ஆண்டுகளில்தான் அதே சென்னையில் இன்னொரு பேச்சும் நடந்துகொண்டிருந்தது. இந்தியப் பெண்கள் ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்ட மாட்டார்கள், கோஷா, சாதி, நாணம் என்றெல்லாம். வழக்கறிஞரான கணவரோடு 1866இல் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப், பிரசவத்தில் பெண்கள் கவனிப்பாரற்றுச் சாவதைப் பார்த்து, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அந்த ஆண்டு அங்கே சேர்ந்த நான்கு பெண்களில் அவர் ஒருவர். 1878இல் படிப்பை முடித்து, லண்டனில் மேலும் படித்துத் திரும்பி, 1885இல் சாதிப் பெண்களுக்கும் கோஷா பெண்களுக்குமான மருத்துவமனையை ஏற்படுத்தினார். இன்றைக்குத் திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக இருப்பது அதுதான். ஷார்லீப்பின் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆவணங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. ஒரு வகைப் பெண்ணின் நாணத்துக்கு மருத்துவமனை கட்டிய அதே நகரத்தில், அதே பத்தாண்டுகளில், இன்னொரு வகைப் பெண்ணுக்கு நாணமே கிடையாது என்று சட்டம் சொல்லிக்கொண்டிருந்தது. வெட்கம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதையும் அரசாங்கமே தீர்மானித்தது.

இங்கே உத்திரமேரூரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். ஊர்ப் பெயரைச் சொன்னாலே எல்லோரும் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைத்தான் கேட்பார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட குடவோலை விதிகள். மாணவிகளைக் கட்டாயம் கூட்டிப்போய்க் காட்டுவேன். 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள், வரி கட்டுகிற நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி என்று தகுதிகள் நீளும். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினர்களும் நிற்கக் கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மனைவியின் உடன்பிறந்தான், சகோதரியின் கணவன், சகோதரியின் மக்கள், மகளைக் கட்டிய மருமகன். அந்தக் கல்வெட்டில் பெண்கள் வருவது இந்த இடத்தில்தான்: ஓர் ஆணுக்கும் இன்னோர் ஆணுக்கும் நடுவில் உறவைச் சொல்ல. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டில் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் ‘க/பெ’ என்று இருக்கும் கட்டத்தை நிரப்பும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர் ஞாபகம் வரும். விதவையிடமும், கைவிடப்பட்டவளிடமும் நாங்கள் அதைத்தான் முதலில் கேட்கிறோம்.

சுதந்திரத்துக்குப் பிறகு கிராமத்துக்குக் கருவி வந்தது மக்கள்தொகைக் கட்டுப்பாட்டோடு. 1965இல் லிப்பஸ் லூப் நாடு முழுவதும் கொண்டுவரப்பட்டது. பிளாஸ்டிக்கில் நெளிநெளியாக இருக்கும், கர்ப்பப்பைக்குள் வைக்கிற கருத்தடைச் சாதனம். இலக்கு உண்டு, கூட்டி வருகிறவர்களுக்கு ஊக்கத்தொகை உண்டு. முகாம் போட்டு மளமளவென்று வைத்தார்கள். வைத்த பிறகு உதிரப்போக்கு வந்தால், வலி வந்தால், நழுவி விழுந்தால் யாரிடம் போவது என்பதற்குத்தான் சரியான ஏற்பாடு இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் பெண்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். லூப் வைத்துக்கொள்பவர்களின் எண்ணிக்கை சரிந்தது. வதந்தியால் சரிந்தது என்று அறிக்கைகள் எழுதின. ரத்தம் வதந்தி அல்ல.

2013 வாக்கில் ஒரு கிராமத்தில் மருமகளைப் பரிசோதனைக்குக் கூட்டிவந்த மூதாட்டி ஒருவர், தட்டில் இருந்த ஸ்பெகுலத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“இத்த வுட்டுத்தான் அப்போ லூப்பு வெச்சாளுங்க. மூணு மாசம் போவுது, நிக்காம போவுது. நடவுக்குப் போவ முடியல. எடுத்துவுடுன்னு கேட்டா டவுனுக்குப் போன்னுட்டாளுங்க” என்றார்.

“இது லூப்பு வைக்க இல்ல ஆயா, புத்துநோய் இருக்கான்னு பாக்கத்தான்” என்று மாணவி சொன்னாள்.

“அப்பவும் நல்லதுக்குத்தான்னு சொன்னாளுங்க பாப்பா.”

மருமகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த மாணவி அன்றைய படிவத்தில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டாள். வெட்கம் என்று எழுத வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஆயாவின் நினைவை நாற்பது ஐம்பது ஆண்டு பழைய கதை என்று ஒதுக்க முடியாது. கருத்தடை இலக்குகள் 1996இல் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டன. அதன் பிறகும், பிரசவத்துக்குப் போய்த் திரும்பிய பெண்கள் தங்களுக்குக் காப்பர்-டி வைக்கப்பட்டிருப்பதை மாதங்கள் கழித்துத் தெரிந்துகொண்ட கதைகளைக் கேட்டிருக்கிறேன். ஒருத்திக்கு ஸ்கேனில் தெரிந்தது. எந்த இடம் என்று இங்கே எழுதப்போவதில்லை.

சிப்பாய்க்காகப் பார்த்தார்கள், பிறகு தேசத்தின் தலைக்கணக்குக்காகப் பார்த்தார்கள். கருத்தரிக்காத, கருத்தடை செய்யாத நாட்களில் அந்த உறுப்புக்கு நோய் வரும் என்பதையே பொதுச் சுகாதாரம் வெகுகாலம் கணக்கில் எடுக்கவில்லை. அதை உடைத்தது மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியிலிருந்து வந்த ஒரு கட்டுரை. ராணி பங்கும் அவருடைய குழுவும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களை, நோய் சொல்லி வந்தவர்களை மட்டுமல்லாமல் எல்லோரையும், பரிசோதித்தார்கள். 1989 ஜனவரியில் லான்செட் இதழில் முடிவுகள் வெளிவந்தன. 92 சதவீதப் பெண்களுக்கு ஏதாவது ஒரு மகளிர் நோயோ பால்வினை நோயோ இருந்தது. அதற்கு முன் ஒருமுறையாவது உள்பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதம்கூட இல்லை. வகுப்பில் இந்த இரண்டு எண்களையும் பலகையில் அருகருகே எழுதிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நிற்பேன்.

எங்கள் பக்கத்துப் பெண்களிடம் அந்த நோய்களுக்குப் பெயர்கள் இருக்கின்றன. வெள்ளைப்படுதலை வெட்டைச்சூடு என்பார்கள். வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பார்கள், தலைக்கு எண்ணெய் வைப்பார்கள். சூடு தணிந்தால் சரியாகும் என்று பத்து வருஷம் இருந்துவிட்டு, துர்நாற்றத்தோடும், உறவுக்குப் பின் ரத்தத்தோடும், மாதவிடாய் நின்ற பிறகு மறுபடி ரத்தம் பட்டும் வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் கட்டி பரவியிருக்கும். இதில் கொடுமை என்னவென்றால், இது வளர நேரம் எடுத்துக்கொள்கிற புற்றுநோய். எச்.பி.வி. என்ற வைரஸ் பெரும்பாலான பெண்களுக்கு ஒருகட்டத்தில் தொற்றி, இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகப் போய்விடுகிறது. சிலருக்கு மட்டும் தங்கி, 10, 15 ஆண்டுகளில் செல்களை மாற்றுகிறது. அத்தனை காலம் அது கண்டுபிடிக்கக் காத்துக்கொண்டிருக்கிறது. எட்டிப்பார்க்கத்தான் ஆள் இல்லை.

புற்றுநோய் மருத்துவத்தில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் இல்லை. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தோடு, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். காஞ்சிபுரம் அருகே காரப்பேட்டையில் 1969 முதல் அறிஞர் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. எங்கள் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். போய்ச் சேர்கிற பெண்கள் மிகவும் முற்றிய பிறகு போய்ச் சேர்ந்தார்கள் என்பதுதான் பிரச்சினை. முன்கூட்டிக் கண்டுபிடிக்க மேலைநாடுகள் நம்பிய பாப் ஸ்மியருக்குக் கண்ணாடித் தகடு, சாயம், செல் பார்க்கத் தெரிந்த நிபுணர், முடிவுக்காக மறுபடி ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரும் பெண் என்று எல்லாம் தேவை. இங்கே கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட அரிது.

மாற்று வழி ஒன்று வந்தது. 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலம், ஏறக்குறைய சமையலறை வினிகர். ஸ்பெகுலம் வைத்து, பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். மாறத் தொடங்கிய செல்கள் வெள்ளையாகத் தெரியும். பார்ப்பதற்கு ஒரு நல்ல டார்ச்சும் பழகிய கண்ணும் போதும். அந்தக் கண் ஒரு செவிலியருடையதாக இருக்கலாம் என்பதுதான் இதில் எனக்குப் பெரிய விஷயம். அது நிரூபணமானது நம் திண்டுக்கல் மாவட்டத்தில்.

2000ஆம் ஆண்டு தொடங்கிய அந்த ஆய்வு, ஆர். சங்கரநாராயணன் தலைமையில், அம்பிளிக்கையில் உள்ள மருத்துவமனையை மையமாகக் கொண்டு நடந்தது. 30 முதல் 59 வயதுவரையான பெண்கள். ஒரு பிரிவில் 49,311 பேர். அவர்களில் 31,343 பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்கள் பார்த்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே உறைநிலைச் சிகிச்சையும் அவர்களே கொடுத்தார்கள். 2007இல் லான்செட்டில் வந்த முடிவு: பரிசோதனைப் பிரிவில் நோய் 25 சதவீதமும், நோயால் வரும் சாவு 35 சதவீதமும் குறைவு. ஒரே ஒருமுறை பார்த்ததற்கு இந்தப் பலன். செவிலியர் வேலை என்றால் ஊசி போடுவதும் பெட்ஷீட் மாற்றுவதும் என்று நினைக்கிற மாணவிகளுக்கு இதை நான் ஒரு முழு வகுப்பு எடுத்துச் சொல்வேன்.

இன்னொரு வகுப்பில் மற்ற பாதியையும் சொல்வேன். அந்த ஆய்வின் இரண்டாவது பிரிவில் 30,958 பெண்கள். அவர்களுக்குப் பரிசோதனை இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இருந்தவர்கள். ஆய்வுக் காலத்தில் அவர்களில் 92 பேர் இந்தப் புற்றுநோயால் இறந்தார்கள். மும்பையிலும் உஸ்மானாபாத்திலும் இதே மாதிரி நடந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், பரிசோதனை கொடுக்கப்படாத பெண்கள் 1,38,000க்கும் மேல். இறந்தவர்கள் குறைந்தது 254 பேர் என்று எரிக் சூபா என்ற அமெரிக்க மருத்துவர் எண்ணிக்கையோடு கேள்வி எழுப்பினார். பரிசோதனை உயிர் காக்கும் என்று உலகம் பாப் ஸ்மியரிலேயே கண்டுகொண்ட பின்பு, பரிசோதிக்காமல் விட்டுப் பார்ப்பது எப்படி நியாயம் என்றார். இந்தியக் கிராமங்களில் ஏற்கெனவே எந்தப் பரிசோதனையும் இல்லை, நாங்கள் எதையும் பறிக்கவில்லை, இந்த எளிய முறை பலிக்குமா என்று தெரியாமல் அரசாங்கம் செலவு செய்யாது என்பது ஆய்வாளர்கள் தரப்பு. இரண்டையும் படித்திருக்கிறேன். ஆய்வாளர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் ‘ஏற்கெனவே ஒன்றும் இல்லை’ என்பது இயற்கை தந்த நிலை அல்ல. அதுவும் யாரோ முடிவு செய்தது. அந்த 92 பேரையும் 2007ஆம் ஆண்டின் வெற்றியையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கற்பிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

திண்டுக்கல்லின் கணக்கில் இன்னொரு எண்ணும் உண்டு. புற்றுக்கு முந்தைய மாற்றம் கண்டறியப்பட்ட 1,874 பெண்களில் 72 சதவீதம் பேர்தான் சிகிச்சை எடுத்தார்கள். அவ்வளவு பணமும் ஆட்களும் இருந்த ஒரு திட்டத்திலேயே நான்கில் ஒருத்திக்கு மேல் நழுவிப் போயிருக்கிறாள். வெள்ளையாகத் தெரிகிறது என்று சொல்வதோடு செவிலியர் வேலை முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

தமிழ்நாடு அரசு 2007இல் தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டமாகத் தொடங்கி, பிறகு எல்லா மாவட்டங்களுக்கும் இந்தப் பரிசோதனையை விரித்தது. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் அப்படித்தான் வந்தது. ஸ்டாஃப் நர்ஸ்கள் பயிற்சி எடுத்தார்கள். 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் ஒருமுறையாவது கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். இந்தியச் சராசரி 1.9. நாட்டிலேயே நாம்தான் முன்னணி என்று பெருமைப்படலாம். பத்தில் ஒன்பது பேரை யாரும் பார்க்கவில்லை என்றும் படிக்கலாம்.

அமெரிக்கப் பெண்கள் இயக்கம் இந்தக் கருவியை வேறு மாதிரி கையில் எடுத்தது. 1971 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு புத்தகக் கடையில் கூடிய பெண்களுக்கு முன்னால், கரோல் டவுனர் மேசையில் ஏறி ஸ்பெகுலத்தைத் தானே வைத்துக்கொண்டு தன் கர்ப்பப்பை வாயைக் காட்டினார். கண்ணாடியும் டார்ச்சும் இருந்தால் ஒரு பெண் தன்னுடையதைத் தானே பார்க்கலாம் என்றார். அடுத்த ஆண்டு, உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்த்ததாக அவர்மீது வழக்குப் போட்டார்கள். குற்றச்சாட்டில் ஒன்று, இன்னொரு பெண்ணுக்குத் தயிர் வைத்தது. விடுதலையானார். இந்தியாவிலும் ஷோதினி என்ற பெண்கள் குழு சுயபரிசோதனையையும் கிராமத்து மூலிகை அறிவையும் சேர்த்து வேலை செய்து 1997இல் புத்தகமாக்கியது. உத்திரமேரூரில் ஒரே அறையில் மாமியாரோடும் பிள்ளைகளோடும் படுக்கிற பெண்ணிடம் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் டவுனரிடமிருந்து ஒரு வழக்கத்தை எடுத்துக்கொண்டேன். மாணவிகள் பரிசோதனைக்கு முன்னால் ஸ்பெகுலத்தைப் பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும். அவள் திறந்து மூடிப் பார்க்கட்டும். பிறகு அதை ஒதுக்கிவைத்து, கிருமிநீக்கம் செய்த வேறொன்றை, வெதுவெதுப்பான நீரில் நனைத்து எடுக்க வேண்டும். இதற்காகவே பழைய கஸ்கோ ஸ்பெகுலம் ஒன்று என் பையில் இருக்கும். அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வாத்து மூக்கு மாரி கீது” என்று சிரித்தவர்கள் பலர். அவர்களில் சிலர் வேண்டாம் என்று எழுந்து போனதும் உண்டு. போகட்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக முடிகிற பரிசோதனை இந்தக் கருவியின் வரலாற்றில் புதிது.

அமிலம் தடவிக் காத்திருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் மாணவிகள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் பேசச் சொல்வேன். பெண்கள் அந்த நேரத்தில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “எங்கூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா இன்னா நெனப்பாரு?” எச்.பி.வி. உடலுறவில் தொற்றுவது என்று சொன்ன அடுத்த நொடி, நோய் ஒரு நடத்தைச் சான்றிதழாக மாறிவிடுகிறது. அவளிடமிருந்து அவனுக்கா, அவனிடமிருந்து அவளுக்கா, கல்யாணத்துக்கு முன்பா பின்பா என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் கேள்வி அவளிடம்தான் கேட்கப்படும். 1868ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்கள் நினைத்த மாதிரியே. ஆகையால் எங்கள் மாணவிகள் ஒரு வாக்கியத்தைப் பழகிக்கொள்கிறார்கள்: “இது சளி மாரி, வாழ்க்கையில ஒருதடவ பெரும்பாலும் எல்லாருக்கும் வர்றதுக்கா. யார் குடுத்தாங்கன்றது முக்கியமில்ல, இப்போ பாத்தாச்சுன்றதுதான் முக்கியம்.”

அடுத்தது ஊசி. 2009இல் ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் எச்.பி.வி. தடுப்பூசியைச் சோதனைத் திட்டமாகப் பள்ளிச் சிறுமிகளுக்குப் போட்டார்கள். கம்மத்தில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவங்களில் கையெழுத்திட்டிருந்தது தெரிய வந்தது. சிறுமிகள் சிலர் இறந்தார்கள். சாவுக்குத் தடுப்பூசி காரணமில்லை என்று விசாரணையில் சொன்னார்கள். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையான அறிக்கை கொடுத்தது. நல்ல தடுப்பூசி, கெட்ட கையெழுத்து. 2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு 14 வயதுப் பெண்குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசியைப் போட நிதி ஒதுக்கியிருக்கிறது. போடப்போவது என் மாணவிகள். ஒப்புதல் படிவத்தை எட்டாம் வகுப்பு படித்த ஒரு தாய்க்குப் புரிகிற தமிழில் எழுதிப் பார்க்கும்படி இந்த ஆண்டு இறுதியாண்டு மாணவிகளுக்கு வேலை கொடுத்திருக்கிறேன். முதல் வரைவு வந்துவிட்டது. 22 பேரில் 19 பேர் கையெழுத்துக்கான இடத்தில் ‘தந்தை / பாதுகாவலர்’ என்று போட்டிருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமை அதை வகுப்பில் பேசப்போகிறோம்.